பழைய கேபின் க்ரூசரும் பிக்கப் டிரக் எஞ்சினும்

ஒன்டாரியோவில் பழைய கேபின் க்ரூசர் விலைக்குத் தேடுகிறவர்களுக்கு ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: "எஞ்சின் மாத்தியாச்சு, நல்லா ஓடுது." நான் வாங்கிய படகும் இதே வரியோடுதான் வந்தது. 1988-ல் கட்டிய 24 அடி ஃபைபர்கிளாஸ் படகு. முன்னால் இரண்டு பேர் படுக்கிற கேபின், ஒரு சின்ன சிங்க், அடுப்பு வைக்க மேடை, பின்னால் பெட்ரோல் எஞ்சின், அதற்கும் பின்னால் தண்ணீருக்குள் இறங்கி, எஞ்சினின் சுழற்சியைப் புரொப்பெல்லர் என்கிற விசிறிக்குக் கடத்துகிற மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் டிரைவ். சிம்கோ ஏரிக்கரையில் மரீனா என்கிற ஒரு படகுத் துறையில் நின்றிருந்தது. எஞ்சின் உண்மையிலேயே நன்றாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது, புகை இல்லை, ஆயில் பிரஷர் சரியாகக் காட்டியது. ஆனால் படகு எழும்பவில்லை.

எழும்புவது என்றால் என்ன என்று படகு ஓட்டாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் படகுகளுக்கு இரண்டு நடை உண்டு. மெதுவாகப் போகும்போது தண்ணீரைப் பிளந்துகொண்டு, தன் எடையளவு தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு போகும். ஒரு வேகத்துக்கு மேல் போனால் அடிப்பாகம் தண்ணீரின் மேல் ஏறிச் சறுக்க ஆரம்பிக்கும், பிளேனிங் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால்தான் கொடுமை. அணியம் என்கிற முன்முனை வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் தண்ணீரில் உட்கார்ந்துவிடும், எதிரே என்ன வருகிறது என்று தெரியாது, பெட்ரோல் மட்டும் கரையும். என் படகு த்ராட்டிலை முழுக்கத் தள்ளினாலும் அந்த நடுவிலேயே நின்றது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) சுற்றுகிறது என்று சொல்கிற டேக்கோமீட்டர் 2700 காட்டியது, அதற்கு மேல் ஒரு கோடு கூட நகரவில்லை. இந்த எஞ்சின் முழு த்ராட்டிலில் 4400-லிருந்து 4800-க்குள் சுற்ற வேண்டும்.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள். எஞ்சின் போச்சு, கழற்றி எறி. மரீனாவில் ஒருவர் புது எஞ்சினுக்கு விலையே சொல்லிவிட்டார், அது படகின் விலையைப் போல் பல மடங்கு. நல்ல எஞ்சின்கள் இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன என்பது இப்போது எனக்குத் தெரியும், அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

என் மச்சினன் பிராம்ப்டனில் கார் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் எஞ்சின் மூடியைத் திறந்ததும் செய்த முதல் வேலை, முதல் சிலிண்டரின் பிளக் வயரில் டைமிங் லைட்டின் கிளிப்பை மாட்டியதுதான். ஆர்பிஎம் காட்டுகிற டைமிங் லைட் அது. ஏரியில் முழு த்ராட்டிலில் போகும்போது டேஷ்போர்டில் 2700, அவன் கையில் 3600.

"அத்தான், மீட்டரே பொய் சொல்லுது," என்றான்.

டேக்கோமீட்டரைக் கழற்றித் திருப்பினால் பின்னால் ஒரு சின்னத் திருகு, அதைச் சுற்றி 4, 6, 8 என்று மூன்று எண்கள். அது 8-ல் நின்றது. எஞ்சினோ ஆறு சிலிண்டர். எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை பொறி விடும், ஆறு சிலிண்டர் மூன்று முறை. மீட்டர் பொறியைத்தான் எண்ணுகிறது. அதனால் உள்ளதில் முக்கால் பங்கையே காட்டிக்கொண்டிருந்தது. 3600-ல் முக்கால், கணக்காக 2700.

அந்தத் திருகு சொன்ன சேதி மீட்டரைப் பற்றியது மட்டுமில்லை. இந்தப் படகு பிறக்கும்போது இதில் எட்டு சிலிண்டர் இருந்திருக்கிறது. 5.7 லிட்டர் வி8, மெர்க்ரூசரில் 260 குதிரைத்திறன் என்று விற்றது. யாரோ அதை எடுத்துவிட்டு 4.3 லிட்டர் வி6 வைத்திருக்கிறார்கள். இரட்டை பேரல் கார்பரேட்டரோடு இருக்கிற வி6-ன் சக்தி, அந்த 260-ல் முக்கால் பங்கும் தேறாது.

இது எப்படி இவ்வளவு சுலபமாக உள்ளே போய் உட்கார்ந்தது என்பதுதான் விஷயம். இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்கள். 4.3 வி6 என்பது ஷெவர்லே 350 என்கிற அதே 5.7 வி8-ல் இரண்டு சிலிண்டரைக் குறைத்தது. பிஸ்டனின் விட்டம் இரண்டிலும் 4 அங்குலம், ஸ்ட்ரோக் இரண்டிலும் 3.48 அங்குலம், பின்பக்கம் பெல்ஹவுசிங் என்கிற கூட்டை மாட்டுகிற போல்ட் துளைகளும் ஒரே அமைப்பு. வி8-ஐக் கழற்றிய இடத்தில் வி6 அப்படியே போய் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொள்வதாலேயே வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

வி8 ஏன் போனது? விற்றவருக்கும் அது தெரியாது, அவருக்கு முன்னால் இருந்தவர் காலத்துக் கதை. ஆனால் ஒன்டாரியோவில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், குளிர்காலம். இந்த எஞ்சின்கள் ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, பிளாக்குக்குள் ஓடவிட்டு, சைலன்சர் வழியாக வெளியே தள்ளிக் குளிர்ந்துகொள்கிறவை. அக்டோபரில் அந்தத் தண்ணீரைப் பிளாக்கின் இரண்டு பக்கத்திலும் இருக்கிற வடிகால் பிளக்கைக் கழற்றி வடித்துவிட வேண்டும். பிளக்கைக் கழற்றினாலும் சில சமயம் தண்ணீர் வராது, உள்ளே துருவும் மண்ணும் அடைத்திருக்கும், கம்பியை விட்டுக் குத்த வேண்டும். அதைச் செய்யாமல் "வரவில்லை, காலியாகத்தான் இருக்கிறது" என்று மூடிவிட்டுப் போனால் ஜனவரியில் உறைந்து ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிற தண்ணீர் வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். மே மாதம் ஸ்டார்ட் செய்தால் ஆயிலும் தண்ணீரும் கலந்து பால் நிறத்தில் டிப்ஸ்டிக்கில் ஏறும். அப்புறம் கைக்குக் கிடைத்த எஞ்சின்தான்.

கைக்குக் கிடைத்தது எங்கிருந்து கிடைத்தது என்று பார்க்க, பிளாக்கின் முன்பக்கம் வலது சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே மட்டமாக இருக்கிற இடத்தில் குத்தியிருக்கும் எழுத்துகளைத் துடைத்துப் படித்தோம். பிக்கப் டிரக் எஞ்சின். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மட்டும் வேறு ஏதோ ஒரு வி6 படகிலிருந்து வந்திருந்தது, மற்றதெல்லாம் சாலையிலிருந்து வந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வேகம் குறைவு என்பதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். காரில் கசிந்தால் அது தரையில் இறங்கிக் காற்றோடு போய்விடும். படகில் கீழே இறங்க இடம் கிடையாது, பில்ஜ் என்கிற அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்குக் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். அதனால்தான் படகுக்கான ஸ்டார்ட்டர், ஓல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் உள்ளே வருகிற பொறி வெளியே இருக்கிற ஆவியைப் பற்றவைக்காதபடி கட்டியவை. எஸ்ஏஇ ஜே1171 என்ற தரத்துக்குச் சோதித்தவை என்று மேலேயே எழுதியிருக்கும். பார்ப்பதற்குக் கார் பாகமும் படகுப் பாகமும் ஒன்று போலவே இருக்கும், ஒரே போல்ட்டில் மாட்டும், விலை மட்டும் பாதிக்கும் குறைவு. என் எஞ்சினில் மூன்றுமே கார் பாகங்கள்.

அதைவிடப் பயமுறுத்தியது ஃபியூயல் பம்ப். மெக்கானிக்கல் பம்புக்குள் ஒரு ரப்பர் டயஃப்ரம் இருக்கும். கார் பம்பில் அது கிழிந்தால் பெட்ரோல் வெளியே போக அடியில் ஒரு குட்டித் துளை விட்டிருப்பார்கள், சாலையில் சொட்டட்டும் என்று. படகு பம்பில் அந்த இடத்திலிருந்து ஒரு கண்ணாடி மாதிரித் தெரிகிற குழாய் கார்பரேட்டருக்குப் போகும். கிழிந்தால் பெட்ரோல் அந்தக் குழாயில் தெரியும், எஞ்சினுக்குள்ளேயே போய் எரிந்துவிடும், பில்ஜுக்கு ஒரு சொட்டு வராது. மச்சினன் பம்பின் அடியில் விரலை வைத்துத் தடவி மூக்கருகே கொண்டுபோனான். எதுவும் பேசாமல் பேட்டரியின் மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்தான். என் மனைவியும் பிள்ளைகளும் அந்தக் கேபினில் படுக்கப்போகிறவர்கள். அந்த வருஷம் படகை மறுபடி தண்ணீரில் இறக்குவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தோம்.

ஊரில் இதைச் சொன்னபோது என் சித்தப்பா கேட்டார், தூத்துக்குடியில் விசைப்படகு எல்லாம் லேலண்ட் எஞ்சினில்தானே ஓடுது, லாரி எஞ்சினைப் படகில் வைத்தால் என்ன என்று. சரியான கேள்வி. அது டீசல். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, சாதாரண வெப்பத்தில் பெட்ரோலைப் போல ஆவியாகித் தேங்குவதும் கிடையாது. அதோடு அங்கே மாட்டுகிறவர்கள் எஞ்சினோடு சேர்த்து, அந்தப் படகின் எடைக்கும் விசிறிக்கும் பொருத்தமான கியர்பாக்ஸையும் பார்த்துத்தான் வைக்கிறார்கள். என் படகில் விட்டுப்போனது அந்த இரண்டாவது விஷயம்.

சரி, 3600-க்கு வருவோம். மீட்டர் கணக்கைத் திருத்தினாலும் 4400 எங்கே, 3600 எங்கே. எட்டுநூறு ஆர்பிஎம் குறைகிறது. கம்ப்ரஷன் ஆறு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருந்தது. த்ராட்டில் கேபிள் முழுக்கத் திறக்கிறது. எஞ்சினுக்கு ஒரு நோயும் இல்லை என்றால் சுமை அதிகம் என்று அர்த்தம்.

டிரைவைக் கழற்றி ஸ்டாண்டில் நிறுத்தினோம். யூ-ஜாயின்ட் இருக்கிற முனைதான் எஞ்சினிலிருந்து சுழற்சி உள்ளே வருகிற இடம். அதில் ஒரு சாக்பீஸ் கோடு, புரொப்பெல்லரின் ஒரு இதழில் இன்னொரு கோடு. ஃபார்வர்டு கியரில் போட்டுவிட்டு மச்சினன் மேலே சுற்ற, நான் கீழே உட்கார்ந்து எண்ணினேன். மேலே மூன்று சுற்று முடிந்தபோது கீழே சாக்பீஸ் கோடு சரியாக இரண்டாவது சுற்றை முடித்துத் தொடங்கிய இடத்தில் வந்து நின்றது. 1.50. வி8-க்குக் கொடுக்கிற விகிதம்.

ஆல்ஃபா ஒன்னில் எஞ்சினைப் பொறுத்துக் கியர் விகிதம் மாறும். நான்கு சிலிண்டர் 3.0 லிட்டருக்கு 1.98, 4.3 வி6-க்கு 1.84, 5.7 வி8-க்கு 1.50. சக்தி குறையக் குறைய எஞ்சின் அதிகம் சுற்றி புரொப்பெல்லரைக் குறைவாகச் சுற்ற வேண்டும். எஞ்சினை மாற்றியவர் டிரைவைத் தொடவே இல்லை. ஐந்தாவது கியரிலேயே ஏற்காடு மலை ஏறுகிற கார் மாதிரி இந்த வி6 இத்தனை வருஷம் திணறியிருக்கிறது. இதில் வேகம் மட்டும் போவதில்லை. த்ராட்டில் முழுக்கத் திறந்து, சுற்ற முடியாமல் நிற்கிற எஞ்சினில் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும், பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் வெடிக்கும், வால்வு கருகும், ஹெட் கேஸ்கெட் போகும். "எஞ்சின் போச்சு" என்று சொன்னவர்களின் வார்த்தை இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உண்மையாகியிருக்கும்.

எஞ்சினை வெளியே தூக்கியபோதுதான் மிச்சக் கதை தெரிந்தது. எஞ்சின் பின்னால் டிரான்சம் என்கிற படகின் பின்சுவரில் இருக்கிற தகட்டில் இரண்டு இடத்தில் உட்காரும், முன்னால் படகின் நீளவாக்கில் ஓடுகிற ஸ்டிரிங்கர் என்கிற இரண்டு விட்டங்களின் மேல் உட்காரும். ஷெவர்லேயில் ஒரு சிலிண்டரின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் 4.4 அங்குலம். வி6-ல் பக்கத்துக்கு ஒரு சிலிண்டர் குறைவு, அதனால் எஞ்சின் அந்த அளவு நீளமும் குறைவு. முன் மவுண்ட் பின்னால் நகர்ந்தாக வேண்டும். நகர்த்தியிருந்தார்கள். பழைய துளைகளை அடைக்காமல், புதுத் துளைகளில் ஒரு பிசினும் தடவாமல், நீளத் திருகாணியை மரத்தில் நேராக இறக்கியிருந்தார்கள்.

ஸ்டிரிங்கர் என்பது வெளியே ஃபைபர்கிளாஸ், உள்ளே மரம். ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் 'டொக்' என்று கணீரென்று சொல்லும், ஊறிய மரம் 'தப்' என்று மந்தமாகச் சொல்லும். வலது பக்க விட்டத்தில் அந்தத் துளைகளிலிருந்து முன்னும் பின்னும் ஒரு கை நீளத்துக்கு 'தப்'. டிரில் பிட்டை இறக்கினேன். சீவலாக வர வேண்டிய மரம் கருப்பாக, ஈரமாக, பிட்டில் அப்பிக்கொண்டு வந்தது, பின்னாலேயே கொஞ்சம் பழுப்புத் தண்ணீர். எஞ்சின் மாறிய விதமும் மரம் அழுகியதும் இரண்டு வேறு பிரச்சினைகள் என்று நினைத்திருந்தோம், ஒரே கையின் வேலை.

டிரான்சம் மட்டும் பிழைத்திருந்தது. இந்த டிரைவுக்கு டிரான்சம் பலகையின் கனம் 2 அங்குலத்திலிருந்து இரண்டேகால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பல இடங்களில் காலிப்பர் வைத்துப் பார்த்தேன், அளவுக்குள் இருந்தது, துளை போட்டுப் பார்த்த இடங்களில் காய்ந்த மஞ்சள் சீவல் வந்தது. அது அழுகியிருந்தால் இந்தப் படகைக் காப்பாற்றியிருப்பேனா என்று தெரியாது, அது வேறு அளவு வேலை.

ஸ்டிரிங்கர் வேலையை நானே செய்தேன். மேல் தோலைக் கிரைண்டரால் வெட்டி எடுத்து, அழுகிய மரத்தை உளியால் தோண்டி, நல்ல மரம் வந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டி, சரிவாகச் சீவி, புது மரத்தை எபாக்சியில் உட்காரவைத்து, மேலே இருதிசை இழை ஓடுகிற கண்ணாடித்துணியை அடுக்கடுக்காக ஒட்டினேன். பழைய படகில் பாலியெஸ்டர் பிசின்தான் இருக்கும், ஆனால் காய்ந்த பழைய பிசினின் மேல் புதிதாக ஒட்டும்போது எபாக்சி பிடிக்கிற பிடி வேறு. மவுண்ட் திருகாணி வருகிற ஒவ்வொரு இடத்திலும் முதலில் பெரிய துளை போட்டு, அதைக் கெட்டியான எபாக்சியால் நிரப்பி, அது இறுகியபிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளை. இப்போது திருகாணி மரத்தையே தொடாது, தண்ணீர் வந்தாலும் மரத்துக்குப் போக வழி இல்லை. இதற்கு ஒரு மத்தியானம் அதிகம் ஆகும், அவ்வளவுதான். கண்ணாடித்தூள் அரிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: கிரைண்டரைத் தொடும் முன் கை கழுத்தெல்லாம் பவுடர் அப்பிக்கொள்ளுங்கள், முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், மூச்சுக்கு நல்ல ரெஸ்பிரேட்டர் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

வேலை நடக்கும்போதே பெரிய கேள்வியை முடிவு செய்ய வேண்டியிருந்தது. மறுபடி வி8 வைப்பதா, இந்த வி6-ஐயே வைத்துக்கொண்டு டிரைவை மாற்றுவதா, அல்லது விசிறியை மட்டும் சின்னதாக்கிச் சமாளிப்பதா?

விசிறி ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னே தள்ள வேண்டும் என்கிற அளவுதான் பிட்ச். அது ஒரு அங்குலம் குறைந்தால் எஞ்சின் சுமார் 150-லிருந்து 200 ஆர்பிஎம் ஏறும். 4600 வர எனக்கு ஆயிரம் வேண்டும், இருக்கிற 17 பிட்ச்சிலிருந்து 11, 12-க்கு இறங்க வேண்டியிருக்கும். தவறான கியரை விசிறியால் சரிக்கட்டும் வேலை அது, எனக்கு மனம் ஒப்பவில்லை. வி8 நியாயமான வழி, படகு அதற்காகக் கட்டியதுதான். ஆனால் நான் இந்தப் படகை வாங்கியது ட்ரென்ட்-செவர்ன் நீர்வழிக்காக. ஒன்டாரியோ ஏரியிலிருந்து ஜார்ஜியன் விரிகுடா வரை 386 கிலோமீட்டர், ஏரியும் ஆறும் வெட்டிய கால்வாயும் மாறி மாறி வரும், 1920-ல் முழுதாகத் திறந்த வழி. கால்வாய்ப் பகுதிகளில் மணிக்கு 10 கிலோமீட்டர்தான் வேகம். அங்கே 260 குதிரையை வைத்து என்ன செய்வது? ஏரிகளைக் கடக்கும்போது மட்டும் தண்ணீர்மேல் எழும்பி ஓடினால் போதும். அதற்கு நல்ல வி6 போதும், அதற்கேற்ற கியர் இருந்தால்.

ஆல்ஃபா ஒன்னில் ஒரு வசதி, விகிதம் மேல்பாதியில்தான் இருக்கிறது. கீழ்ப்பாதி பொது. பழைய படகுகளைப் பிரித்து விற்கிற ஒரு இடத்தில் வி6 படகிலிருந்து கழற்றிய மேல்பாதி ஒன்று கிடைத்தது, பக்கவாட்டில் 1.84 என்று குத்தியிருந்தது, ஆயிரம் டாலருக்குள் முடிந்தது. 1991-லிருந்து வந்த இரண்டாம் தலைமுறை ஆல்ஃபா வேறு, இதோடு சேராது, அதை மட்டும் கவனித்து வாங்க வேண்டும். உள்ளே இருந்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தோம், உலோகத் துகள் இல்லை, தண்ணீர் கலந்த பால் நிறம் இல்லை. காற்றழுத்தம் ஏற்றி வைத்தோம், சீல்கள் பிடித்தன. கியர்களை மட்டும் வாங்கி என் கூட்டில் மாற்றியிருந்தால் ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துப் பல்லும் பல்லும் உரசுகிற இடத்தை எல்லாம் சரிபார்க்க வேண்டும், முழுப் பாதியாக வாங்கியதில் அது மிச்சம். மாட்டியதும் மறுபடி சாக்பீஸ் கோடு: மேலே 11 சுற்று, கீழே ஏறக்குறைய 6. சரி.

எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர், ஓல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஃபியூயல் பம்ப், கார்பரேட்டர், பெட்ரோல் குழாய்கள் எல்லாம் படகுக்கானவையாக மாறின. மொத்தச் செலவில் பெரிய பங்கு இதுதான், ஒரு டாலர் கூட வருத்தமில்லை. பில்ஜ் காற்றை வெளியே தள்ளுகிற புளோவர் ஓடியது, ஆனால் அதன் உறிஞ்சுகுழாய் பாதியிலேயே அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது, அதை அடிப்பள்ளம் வரை இறக்கினேன். கனடாவில் பெட்ரோல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் புளோவரை நான்கு நிமிடமாவது ஓடவிட வேண்டும். என் பெரிய பெண்ணுக்கு அதுதான் பொறுப்பு, போனில் டைமர் வைத்துவிட்டு யார் சொன்னாலும் முன்னால் சாவியைக் கொடுக்கமாட்டாள்.

எஞ்சினை மறுபடி இறக்கியபிறகு அலைன்மென்ட். இதற்கென்றே ஒரு நீள உருளைக் கம்பி விற்கிறார்கள். வெளியிலிருந்து, டிரைவின் தண்டைத் தாங்குகிற கிம்பல் பேரிங் வழியாக உள்ளே விட்டால், அந்தத் தண்டு எஞ்சினோடு சேருகிற கப்ளரின் பல்லுக்குள் இரண்டு விரல் பலத்தில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முனையில் கிரீஸ் தடவி விட்டு எடுத்தால், எந்தப் பக்கம் கிரீஸ் அழுந்தியிருக்கிறதோ அதைப் பார்த்து முன் மவுண்ட் நட்டைக் கால் சுற்று ஏற்றியும் இறக்கியும் சரிசெய்ய வேண்டும். பழைய நிலையில் கம்பியைச் சுத்தியலால் தட்டினால்தான் உள்ளே போனது. கப்ளர் பல் தேயாமல் இருந்தது ஆச்சரியம். தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிற ரப்பர் உறையான பெல்லோஸ், கிம்பல் பேரிங், தண்ணீரை உறிஞ்சுகிற இம்பெல்லர் எல்லாவற்றையும் டிரைவ் வெளியே இருக்கும்போதே மாற்றிவிட்டோம், யாராக இருந்தாலும் இதைச் செய்துவிடுவார்கள்.

கேபின் வேலை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜன்னல்களையும் மேல்தளத்துக் கொக்கி, கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றிக் கசிவை அடைக்கிற பியூட்டில் டேப் வைத்து மறுபடி இறுக்கினோம், கசிவு நின்றது, கசிவு நின்றதும் பூஞ்சை நாற்றமும் போனது. மெத்தை உறைகளை என் மனைவி தைத்தாள். வயரிங்கில் வெள்ளீயம் பூசிய படகு வயரே போட்டேன், ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபியூஸ்.

ஏரியில் இறக்கினோம். டேக்கோமீட்டர் திருகு இப்போது 6-ல். நானும் மச்சினனும் மட்டும், டேங்க் கால்வாசி. த்ராட்டிலைத் தள்ளியதும் அணியம் தூக்கியது, கொஞ்சம் நின்றது, அப்புறம் பின்பக்கம் எழும்பி படகு தட்டையாகி ஓட ஆரம்பித்தது. 4500. மச்சினன் டைமிங் லைட்டையும் பார்த்தான், ஐம்பது ஆர்பிஎம் வித்தியாசம், அது போகட்டும். அவன் கத்தியதில் பாதி எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை, "மாத்தியாச்சு பாத்தீங்களா" என்பது மட்டும் கேட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகாக இருக்கிறது. முன்பு 3600-ஐ 1.50-ஆல் வகுத்தால் விசிறி நிமிடத்துக்கு 2400 சுற்று. இப்போது 4500-ஐ 1.84-ஆல் வகுத்தால் சுமார் 2450. விசிறி கிட்டத்தட்ட அதே சுற்றுதான் சுற்றுகிறது. ஆனால் எஞ்சின் தன் முழுச் சக்தியும் கிடைக்கிற இடத்துக்கு வந்துவிட்டது, திணறவில்லை. அந்தக் கடைசிக் கொஞ்சம் சக்திதான் படகை அந்த நடு நிலையைத் தாண்டித் தண்ணீர்மேல் ஏற்றிவிடுகிறது.

முழு டேங்க் பெட்ரோல், குடிதண்ணீர், குடும்பம், சாப்பாட்டு மூட்டை எல்லாம் ஏற்றியபோது 4250-க்கு இறங்கியது. எப்போதும் சுமையோடுதான் போகப்போகிறோம், அதனால் சுமையோடு இருக்கும்போதுதான் அளவு சரியாக இருக்க வேண்டும். 17 பிட்ச் விசிறியை எடுத்துவிட்டு 15 போட்டோம். இப்போது குடும்பத்தோடு 4600, ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பழைய வி8 இருந்திருந்தால் இதைவிட வேகமாகப் போயிருக்கும். எனக்கு இது போதும்.

உங்கள் படகிலோ வாங்கப்போகிற படகிலோ "எஞ்சின் மாத்தியாச்சு" என்று சொன்னால், எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். டிரைவின் பக்கவாட்டில் குத்தியிருக்கிற விகிதத்தைப் படியுங்கள். டேக்கோமீட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஓல்டர்னேட்டரில் ஜே1171 என்று இருக்கிறதா பாருங்கள், ஃபியூயல் பம்பிலிருந்து தெரிகிற குழாய் கார்பரேட்டருக்குப் போகிறதா பாருங்கள். முன் மவுண்டுக்குப் பக்கத்தில் காலியான பழைய துளை இருந்தால் அங்கே சுத்தியலால் தட்டுங்கள். படகை விற்கிறவர் பொய் சொல்லாமலே இருக்கலாம், அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கோடையில் சிம்கோவிலிருந்து கிழக்கே, டால்பட் ஆற்றில் படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்குகிற லாக்குகள் வழியாக 1907-ல் திறந்த கிர்க்ஃபீல்டு லிஃப்ட் லாக்கில் ஏறி, பால்சம் ஏரியைத் தாண்டிப் பீட்டர்பரோ வரை போவதாகத் திட்டம். அங்கே இருப்பது 1904-ல் திறந்த லிஃப்ட் லாக், தண்ணீர் நிறைந்த இரண்டு பெரிய தொட்டிகள், மேல் தொட்டியில் கூடுதலாக ஒரு அடி தண்ணீர் ஏற்றினால் அந்தக் கனத்திலேயே அது இறங்க மற்றது படகுகளோடு ஏறும், ஏறக்குறைய 20 மீட்டர் உயரம். அதற்கு முன் எஞ்சின் புகையை மேலே ஏற்றி வெளியே விடுகிற எக்ஸாஸ்ட் ரைசர் இரண்டையும் கழற்றி உள்ளே துரு எவ்வளவு என்று பார்க்க வேண்டும், கேஸ்கெட் ஆர்டர் செய்திருக்கிறேன், மச்சினன் வர ஒத்துக்கொண்டிருக்கிறான்.